ஆறு வருட முதுகும் அரை மைல் நடையும்

சென்ற வருடம் ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இடம், மல்லாவிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு வாசல் படலையில் இருந்து வாய்க்கால் மதகு வரைக்கும் போகிற அரை மைல் கிரவல் வீதி. அந்த அரை மைலுக்குள் நான் பட்ட பாட்டை என் வாயால் சொல்ல எனக்கே வெட்கம்தான். ஆனால் நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்லுவாள். அவள் சொல்வதை விட நானே சொல்லிவிடுவது எனக்குப் பாதுகாப்பு.

நான் ஓய்வுபெற்ற பஸ் நடத்துனர். முப்பத்தொரு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து வீதிகள் எப்படி இருந்தன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் ஓய்வுபெற்றபோது என் முதுகும் சேர்ந்து ஓய்வு கேட்டது. ஐம்பது அடி நடந்தால் இரண்டு காலும் ஈரச் சாக்கு மாதிரிக் கனக்கும், குதிக்கால் வரை விறைக்கும். இரண்டு நிமிடம் குனிந்து இருந்தால் ஒன்றுமே நடக்காதது போல எல்லாம் போய்விடும். இதில் வேடிக்கை என்னவென்றால், சைக்கிள் ஓடினால் ஒரு நோவும் இல்லை. துணுக்காய்க்குப் போய் வீரகேசரி பேப்பர் வாங்கிக்கொண்டு திரும்பி வருவேன். ஆனால் வீட்டில் இருந்து கிணற்றடிக்கு நடக்க ஏலாது.

“துணுக்காய்க்குச் சைக்கிள் மிதிக்கிற காலுக்கு, கிணத்தடிக்குப் போய் ஒரு வாளி தண்ணி கொண்டுவர ஏலாதோ?” என்று மனைவி கேட்பாள். அவள் கேட்டதில் பிழை இல்லை. வேறொருவருக்கு இப்படி வந்திருந்தால் நானும் கள்ள வருத்தம், வெறும் நடிப்பு என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஸ்கான் படத்தைப் பார்த்த டொக்டர்தான் என் மானத்தைக் காப்பாற்றினார். முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியில் நரம்புகள் போகிற வழி ஒடுங்கிப்போய்விட்டது, நிமிர்ந்தால் நெரிக்கும், குனிந்தால் கொஞ்சம் இடம் விடும் என்று விளக்கினார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஐம்பது பேர் ஏறுகிற பஸ்ஸில் நூற்றிருபது பேர். ‘முன்னுக்குப் போங்கோ’ என்று நான் தொண்டை கிழியக் கத்தினாலும் போவதற்கு இடமில்லை. பிறகு யாழ்ப்பாணத்தில் ஒப்பரேசன் செய்து அந்த வழியை அகலமாக்கி விட்டார்கள்.

மூன்றாவது மாதம் நான் மதகு வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்தேன். நிற்காமல், இருக்காமல், சைக்கிள் இல்லாமல். வீட்டுக்கு வந்து குசினி வாசலில் நின்று குழந்தைப் பிள்ளை போல அழுதேன். மனைவியும் அழுதாள். அன்றைக்குக் கறி அடிப்பிடித்தது. இரண்டு பேரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம்.

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. டொக்டர் எவ்வளவு விளக்கினாலும் சனம் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடும். உழவு இயந்திரம் வாங்குவதானாலும் சரி, முதுகை வெட்டுவதானாலும் சரி, ஏற்கெனவே அதைச் செய்த ஒருவரைத் தேடிப்போய்க் கண்ணால் பார்த்தால்தான் முடிவு எடுப்பார்கள். ‘ஆளைப் பார்த்திட்டு வாறன்’ என்பார்கள். முதுகு விஷயத்தில் அந்த ஆள் நானாகிவிட்டேன். பரந்தனில் இருந்து வந்தார்கள், வவுனியாவில் இருந்து வந்தார்கள். முற்றத்தில் நடந்து காட்டுவேன். திரும்பி நடந்து காட்டுவேன். சேட்டைத் தூக்கித் தழும்பைக் காட்டுவேன். கேட்காதவர்களுக்கும் காட்டியிருக்கிறேன். ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளை பகுதியாருக்குக் காட்டப்போய், மனைவி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. இந்த வரவுகளுக்கு அவள் வைத்த பெயர் கண்காட்சி.

“கண்காட்சிக்கு ஆக்கள் வந்திருக்கினம். முதல்ல சேட்டைப் போட்டுக்கொண்டு வாங்கோ, பிறகு கழட்டலாம்” என்பாள்.

நாலாவது வருடம் முடிகிற நேரம் சனியன் மெல்லத் திரும்பி வந்தது. முதலில் காலையில் எழும்பும்போது முதுகில் ஒரு பிடிப்பு. பிறகு கால் மைல் நடந்தால் தொடையில் பழைய கனம். கிளினிக்கில் டொக்டர் பார்த்துவிட்டு, வெட்டிய இடம் நன்றாகத்தான் இருக்கிறது, மற்ற இடங்களுக்கும் வயது போகிறதல்லவா என்றார். நல்ல நாளும் வரும், கூடாத நாளும் வரும், நடையை மட்டும் விடவேண்டாம், இடையில் குந்தி ஆறி, இருந்து இருந்து நடக்கச் சொன்னார். நியாயமான கதைதான். ஆனால் ஊரெல்லாம் நடந்து காட்டிய மனிதன் இனி இருந்து இருந்து நடப்பதா? மானப் பிரச்சினை. மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

அதற்குப் பதிலாக ஒரு தந்திரம் செய்தேன். எங்கே போனாலும் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். ஹாண்டிலில் சாய்ந்தால் முதுகு குனியும், கால் இலேசாகும். எங்கள் ஊரில் சைக்கிள் உருட்டுகிறவனை ஏன் உருட்டுகிறாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். கால் கனத்தால் யாருடைய வேலியிலாவது நின்று சுகம் விசாரிப்பேன். இதனால் ‘கொண்டக்டர் முந்தி மாதிரி இல்லை, இப்ப நல்ல மனுசன்’ என்று எனக்கு ஊரில் ஒரு புதுப் பெயர் வந்தது.

ஒரே ஒரு சங்கடம். என் கால் சரியாக ஓய்ந்து போகிற இடம், என்னோடு ஒன்பது வருடமாகக் கதை பேச்சு இல்லாத பக்கத்து வயல்காரத் தம்பி ஒருவனின் வேலி. வயல் எல்லை வேலிக் கதியாலை அரை அடி தள்ளி நட்டுவிட்டான் என்று தொடங்கிய சண்டை. முதல் நாள் அங்கே கால் மறுத்துவிட்டது. வேறு வழியில்லாமல், “கத்தரி நல்லாக் காய்ச்சிருக்கு” என்றேன். அவன் பின்னால் திரும்பி, நான் யாரோடு கதைக்கிறேன் என்று பார்த்தான். அப்படியே கத்தரிக்காயில் தொடங்கி, உரம், மழை, யானை என்று ஒரு மாதத்தில் சமாதானமாகிவிட்டோம். கொஞ்ச நாளில் அவன் வேலியோரம் ஒரு மரக்குற்றி கிடந்தது. விறகு கொத்தப் போட்டிருக்கிறான் என்று நினைத்து, அதில் இருந்துகொண்டு கதைக்கத் தொடங்கினேன். அடுத்த பெட்டிக்கடைக்காரியும் என்னைக் கண்டால் ஒரு கதிரையை வெளியே எடுத்துப் போடுவாள். என் மதிப்பு உயர்ந்துவிட்டது என்று நான் எண்ணிக்கொண்டேன்.

இந்த நிலைமையில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. முல்லைத்தீவில் துணிக்கடை வைத்திருக்கிற ஒரு முஸ்லிம் பெரியவர் என்னைப் பார்க்க வருவதாக முதல் நாளே போன் எடுத்திருந்தார். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு, திரும்பி வந்து கடையைப் புதிதாகத் தொடங்கியவர். வயது அறுபதுக்குக் கிட்ட. அவருக்கும் அதே நோய், அதே இடத்தில். கண்காட்சி ஒழுங்காக நடக்கவேண்டும் என்று காலையிலேயே நோவுக்கு இரண்டு குளிசை போட்டுக்கொண்டேன்.

முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். படலையில் இருந்து கதிரைக்கு வருவதற்குள் அந்த நானா இரண்டு முறை நின்றார். கதிரையில் இருந்ததும் முன்னுக்குச் சாய்ந்து, முழங்கை இரண்டையும் தொடையில் ஊன்றிக்கொண்டார். அந்த இருப்பைப் பார்த்ததும் எனக்கு மனம் ஒரு மாதிரிப் போய்விட்டது. நானும் அப்படித்தான் இருந்தேன். எனக்கு உடுக்கவென்று கடையில் இருந்து கொண்டுவந்த ஒரு சாரத்தை மேசையில் வைத்தார். நான் வழக்கம் போலச் சேட்டைத் தூக்கினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தழும்பை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“தையல் நேரா ஓடியிருக்கு. எத்தினை வருசம் அண்ணன்?”

“ஆறு.”

“அல்ஹம்துலில்லாஹ்! ஆறு வருச ஆளைத்தான் தேடித் திரிஞ்சனான். மூண்டு மாசம் முந்திச் செய்த ஆக்கள் நாலு பேரைப் பாத்திட்டன். அவையள் ஓடியும் காட்டுவினம். எனக்கு அது காணாது.”

பிறகு காரணத்தைச் சொன்னார். ஹஜ்ஜுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். முறை வர நாலைந்து வருடம் ஆகலாம். “இப்ப வெட்டி இப்ப நடந்து எனக்கு என்ன பிரயோசனம்? அண்டைக்கு நடக்க வேணும். மக்காவில கஃபாவைச் சுத்தி ஏழு சுத்து, அதுக்குப் பிறகும் நடை. டொக்டரைக் கேட்டன், ஆளுக்கு ஆள் வித்தியாசம் எண்டார். அதுதான் ஆளையே பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனான்.”

ஆறு வருடத்தில் இப்படி ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. வெட்டினால் நோகுமா, எத்தனை நாள் படுக்கவேண்டும், உப்புப் புளி சேர்க்கலாமா, இவ்வளவுதான் கேட்பார்கள். இந்த மனிதர் தன் வாழ்நாள் ஆசையைக் கொண்டுவந்து என் முற்றத்தில் வைத்துவிட்டு, அது நடக்குமா என்று கேட்கிறார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணியோடு வந்த மனைவி, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இவருக்கென்ன, குதிரை மாதிரி” என்றாள்.

“ஓம், குதிரைதான்” என்றேன். நாக்குக்கு எலும்பில்லை.

முற்றத்தில் நாலு தரம் நடந்து காட்டினேன். நானா தலையை ஆட்டினார். “சேலையை மடிப்போட பாத்து வாங்கேலுமோ அண்ணன்? விரிச்சுப் பாக்க வேணும். றோட்டில கொஞ்சத் தூரம் போய்வருவமே?”

மதகு வரைக்கும் என்று முடிவாகியது. அவரால் நடக்க முடியாது. எப்படி வருவார்? சுற்றிப் பார்த்தார். “உங்கட சைக்கிளைத் தாங்கோ, நான் பக்கத்தில ஓடிக்கொண்டு வாறன்.”

யோசித்துப் பாருங்கள். நோயாளி என் சைக்கிளில் ஜாலியாகப் போகிறார். சுகமான ஆளாகிய நான் பக்கத்தில் வெறுங்கையோடு நடக்கிறேன். இரண்டு வருடமாக என்னைத் தாங்கிய சைக்கிள் இன்னொருவரைத் தாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் கிறீச் கிறீச் என்று போகிறது.

குளிசையின் புண்ணியத்தில் முதல் கால் மைல் சமாளித்தேன். தம்பியின் வேலி வந்தது. நிமிர்ந்த நடையாக, பார்க்காதது போலத் தாண்டினேன்.

“அண்ணை! என்ன இண்டைக்கு இருக்கேல்லையோ? நிண்டு ஆறிட்டுப் போங்கோவன்!” என்று பின்னால் இருந்து ஒரு சத்தம்.

“அவசரம் தம்பி” என்று கையைக் காட்டிவிட்டு நடந்தேன். பெட்டிக்கடைக்காரி என்னைக் கண்டதும் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். நான் நிற்காமல் போக, கதிரையோடு நாலு அடி பின்னாலேயே வந்தாள். “கொண்டக்டர் ஐயா, கால் கனக்கப் போகுது, இருங்கோ!” நானா பெடலை மெதுவாக மிதித்தபடி ஒரு தரம் என் முகத்தையும் ஒரு தரம் என் காலையும் பார்த்தார்.

மதகு கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் நூறு அடி இருக்கும். என் கால் இரண்டும் வேறொருவருடையவை மாதிரிப் போய்விட்டன. நெற்றி வேர்த்தது. அந்த இடத்தில் வேலியும் இல்லை, குற்றியும் இல்லை, கதிரையும் இல்லை. அப்படியே வீதிக்கரைப் புல்லில் குந்திவிட்டேன்.

“செருப்புக்குள்ள கல்லு” என்றேன்.

நானா சைக்கிளை விட்டு இறங்கி, ஹாண்டிலில் சாய்ந்து நின்றார். நான் செருப்பைக் கழற்றி உதறினேன். ஒன்றும் விழவில்லை. மற்றச் செருப்பையும் உதறினேன். அவர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கல்லு பெரிசோ அண்ணன்?”

அதற்குமேல் என்னால் ஏலவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நாலாம் வருடத்து நோவு, டொக்டர் சொன்னது, சைக்கிள் தந்திரம், காலையில் போட்ட இரண்டு குளிசை வரைக்கும். சொல்லி முடித்துவிட்டு, ஏசட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். ஒரு பெரியவர் இவ்வளவு தூரம் பஸ்ஸில் நொந்து நொந்து வந்திருக்கிறார். அவரை ஏமாற்றப் பார்த்தேனே என்று எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அவர் ஏசவில்லை. மெல்ல எனக்குப் பக்கத்தில் புல்லில் இருந்தார்.

“ஒப்பரேசனுக்கு முந்தி எவ்வளவு தூரம் நடப்பியள்?”

பக்கத்தில் நின்ற வேப்பமரத்தைக் காட்டினேன். “இதில இருந்து அதுமட்டும்.”

“இப்ப?”

“கூடாத நாளில தம்பியின்ர வேலி மட்டும். நல்ல நாளில மதகு மட்டும். ஒருக்கா இருந்து எழும்பினா திரும்பவும் அவ்வளவு தூரம் போவன்.”

“இதைத்தான் அண்ணன் நான் கேக்க வந்தது!” என்று என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். “சாயமே போகாது எண்டு சொல்லுறவனிட்ட நான் துணி எடுக்கிறேல்லை. எத்தினை தோய்ச்சலுக்குப் பிறகு எவ்வளவு போகும் எண்டு சொல்லுறவனிட்டத்தான் எடுப்பன். நீங்கள் குதிரை எண்டு சொன்னதை நம்பியிருந்தா, நான் தனியத்தான் வெளிக்கிட்டிருப்பன். ரெண்டாம் சுத்தில, அவ்வளவு சனத்துக்குள்ள விழுந்திருப்பன். இனி மகனையும் கூட்டிக்கொண்டு போறன். இடையிடையில இருந்து இருந்து சுத்துவன். அதில ஒரு குறையும் இல்லை.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ‘அவ்வளவு சனத்துக்குள்ள விழுந்திருப்பன்’ என்ற அந்தச் சொல் இன்றைக்கும் என்னை உலுப்பும்.

சரி, எழும்பிப் போவோம் என்றால் அடுத்த பிரச்சினை. குனிந்த மனிதர் இரண்டு பேர், சைக்கிள் ஒன்று. “நீங்கள் எடுங்கோ நானா” என்கிறேன் நான். “இல்லை, நீங்கள் எடுங்கோ” என்கிறார் அவர். கடைசியில் அவர் சீட்டில் ஏறினார். என்னைப் பின் கரியரில் ஏறச் சொன்னார். ஒப்பரேசன் செய்யாதவர் மிதிக்க, ஒப்பரேசன் செய்தவன் பின்னால் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஊர்வலம் வந்தோம். பெட்டிக்கடைக்காரி கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தம்பியின் வேலியில் நானா களைத்துப்போய் நிறுத்தினார்.

“இருங்கோ நானா” என்று தம்பி குற்றியைக் காட்டினான். “அண்ணைக்கெண்டு போட்டனான். நிண்டுகொண்டு கத்தரிக்காயைப் பற்றி எவ்வளவு நேரம்தான் கதைக்கிறது? பாவமாக் கிடந்துது.”

விறகு கொத்துகிற குற்றி இல்லையாம். எனக்கெனப் போட்ட குற்றியாம். ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. ஒருவரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பதா, வாய்க்காலில் போய் விழுவதா என்று தெரியவில்லை. அரை அடி நிலத்துக்காக ஒன்பது வருடம் முகத்தைத் திருப்பினேன், அந்த மனிதன் எனக்கு இருக்க இடம் செய்து வைத்திருக்கிறான்.

படலையில் மனைவி நின்றாள். எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

“இதில ஆருக்கு ஒப்பரேசன் முடிஞ்சது?” என்று கேட்டாள்.

நானா சிரித்த சிரிப்பில் சைக்கிள் சரிந்து இரண்டு பேரும் வேலியோடு சாய்ந்துவிட்டோம்.

அவர் போன பிறகுதான் எனக்குப் பூசை கிடைத்தது. அவளுக்கு இரண்டு வருடமாகத் தெரியுமாம். “குதிரை எண்டு சொன்னது ஏன் தெரியுமோ? அப்பவாவது இல்லையெண்டு சொல்லுவியள் எண்டு பாத்தன். ஊருக்குச் சொல்லாட்டிப் பரவாயில்லை. என்னட்டை ஏன் சொல்லேல்லை? ஆஸ்பத்திரியில உங்களைக் கையில பிடிச்சு முதல் அடி வைக்கப் பண்ணினது நான்தானே?” குரல் தழுதழுத்தது. மன்னித்துக்கொள் என்றேன். அன்றிலிருந்து பின்னேரம் இரண்டு பேரும் சேர்ந்து நடக்கிறோம். அவளும் அந்தக் குற்றியில் பாதி இடம் எடுத்துக்கொள்வாள்.

இந்த வருடம் தையில் நானா ஒப்பரேசன் செய்துகொண்டார். போன கிழமை போன் எடுத்தார். கடையில் இருந்து பள்ளிவாசலுக்கு நிற்காமல் நடந்து போய் வருகிறாராம். சந்தோசத்தில் நான் கத்திவிட்டேன். அவர் கத்தவில்லை. “இது முதல் வருசம் அண்ணன், இதை நான் பெருசா எடுக்கேல்லை. நீங்கள் இந்த மாசம் எதுமட்டும் போறியள், அதைச் சொல்லுங்கோ” என்றார். ஒளிக்காமல் சொன்னேன்.

இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். தழும்பைக் காட்டுவது குறைந்துவிட்டது. முதலில் வீதிக்குக் கூட்டிக்கொண்டு போய், நான் எங்கே எங்கே இருக்கிறேன் என்று காட்டுகிறேன், பிறகு வேப்பமரத்தையும் காட்டுகிறேன். சிலர் முகம் சுருங்கிப் போகிறார்கள், சிலர் துணிந்து போகிறார்கள். ஆறு வருடம் நடந்து காட்டி நான் தேடியது எனக்குப் பெயர் மட்டும்தான். வீதிக்கரைப் புல்லில் இருந்துவிட்ட அந்தக் கொஞ்ச நேரத்தில்தான், முதன்முதலாக இன்னொரு மனிதனுக்கு என் முதுகு உதவியது.